வாடகையைப் பிரிக்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனைவி பெயரில் வீடு வாங்கிவிட்டால் வாடகைக்குக் கணவர் வரி கட்ட வேண்டாம் என்று இன்னமும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதை நம்பிப் பத்திரம் பதிபவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். பணம் முழுக்கக் கணவர் சும்மா கொடுத்தது என்றால், பத்திரத்தில் மனைவி பெயர் இருந்தாலும் வருமான வரிச் சட்டம் வாடகையைக் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கும்.

இருவரும் பணம் போட்டிருந்தால் கதையே வேறு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு மனைவி தன் சம்பளச் சேமிப்பிலிருந்தோ தாய்வீட்டு நகையை விற்றோ 24 லட்சம் கொடுத்து, 40 சதவீதம் அவர் பங்கு என்று பத்திரத்திலும் எழுதியிருந்தால், மாத வாடகை 20,000 ரூபாயில் 8,000 அவர் கணக்கில் வரும். வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதக் கழிவும் அவரவர் பங்குக்குத் தனித்தனியே உண்டு. நகை விற்ற ரசீது, வங்கி விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

பல பத்திரங்களில் இரண்டு பெயர் இருக்கிறது, பங்கு எவ்வளவு என்பது இல்லை. பிறகு யார் எவ்வளவு காட்டுவது என்று தடுமாறுகிறார்கள். பத்திரம் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு வாசகர், கும்பகோணம்