ஆப்பிள் மரத்துக்கும் ஒரு வாய்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிட்டது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பேப்பரைத் தானே படிக்கிறார் என்றால் இனி யார் பேச்சையும் கேட்க மாட்டார், பார்த்துக்கொள்.

"அங்கே குளிருக்கு எல்லாரும் குடிக்கத்தானே செய்கிறீர்கள்" என்று கிண்டல் வேறு. குடிக்கிறோம்தான், ஆனால் மரத்துக்கும் ஊற்றிவிட்டு. சிரிக்காதே. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் கார்ஹாம்ப்டன் என்று ஒரு கிராமம், ஜனவரி 17 ராத்திரி அங்கே வாசெயில், அதாவது ஆப்பிள் மரத்தை வாழ்த்திக் குடிக்கும் விழா. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் காரில் கூட்டிப்போனார்.

இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் தோட்டத்தில் பெரிய ஆப்பிள் மரத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. சைடரில், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மதுவில், ஊறவைத்த ரொட்டியைக் கிளைகளில் செருகுகிறார்கள், ராபின் குருவிக்காம். மரத்தின் நல்ல ஆவி அதுதான் என்று நம்பிக்கை. ரொட்டி சொதசொதவென்று ஊறியிருந்ததால் செருகியவரின் கோட்டுக் கைக்குள்ளேயே சைடர் வழிந்தது, மனுஷர் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் வேரில் சைடர் ஊற்றி, தொப்பி நிறைய சாக்கு நிறையக் காய்க்கச் சொல்லி மரத்திடமே பாடி, கெட்ட ஆவி ஓடட்டும் என்று கிளைகளுக்கு மேலே துப்பாக்கியால் சுடுகிறார்கள். எனக்கு "பொங்கலோ பொங்கல்" என்று கத்தத் தோன்றியது, கத்தியும் விட்டேன். அந்தச் சத்தத்தில் யார் கவனித்தார்கள்!

ஏன் 17 என்றால், 1752-ல் பிரிட்டன் காலண்டரை மாற்றி 11 நாளைத் தூக்கிவிட்டது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டாம் நாள் ராத்திரி என்ற பழைய கணக்கை இந்த ஊர்க்காரர்கள் விடவில்லை, ஜனவரி 6-ஓடு அந்த 11 நாளையும் சேர்த்து 17-ல் கொண்டாடுகிறார்கள். சர்க்கார் மாற்றினால் மரத்துக்குத் தெரியவா போகிறது?

"வாசெயில்", அதாவது நலமாயிரு, என்று ஒருவர் கோப்பையை நீட்ட, மற்றவர் பதில் சொல்லி வாங்கிக் குடிப்பது ரொம்பப் பழைய வழக்கம். ஏழைகள் கிண்ணத்தோடு பணக்காரர் வாசலில் பாடிக் குடியோ காசோ வாங்கியதும் உண்டு. மனிதனுக்கு மனிதன் கோப்பை தூக்குவது எங்கும் இருக்கிறது. அடுத்த வருஷச் சரக்கைத் தரப்போகிற மரத்துக்கும் பங்கு வைப்பதில் ஒரு நியாயம் தெரிகிறது, கொஞ்சம் சுயநலமும்தான்.

குடித்தது சூடான சைடர்: பட்டை, கிராம்பு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல். கொதிக்க விடக்கூடாது, ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, விஷயம் கெட்டுவிடும். முற்காலத்தில் லாம்ப்ஸ்வூல் என்று ஒன்று. சூடான ஏல் பீரில் சர்க்கரை, ஜாதிக்காய், சுட்ட ஆப்பிளின் சதை போட்டால் வெள்ளையாக நுரைத்து மிதக்கும். வீட்டில் செய்தேன். ஜாதிக்காயைப் பார்த்துத் துருவ வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வாடைதான். ஆனாலும் கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கும், மசாலா போட்டுச் சூடாக்கிய மல்ட் ஒயினுக்கு இது எவ்வளவோ மேல், அது வெறும் சர்க்கரைப் பாகு. நீ குடிக்காதவன், ஆப்பிள் ஜூஸிலேயே போட்டுப் பார். நாலு கிராம்பு போதும்.

மார்ச்சில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. தங்கைக்கு மண்டபம் முடிவானதா என்று எழுது.

அன்புடன்,
ரவி