உன் சொல் எடுபடும் மேஜை

திருப்பூர்,
12.05.2025.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆலோசனைத் தொழிலில் இறங்கிவிட்டாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. சென்ற மாதம் இங்கே நடத்திய கூட்டத்திற்குப் பிறகு ஒருவர்கூட உன்னைத் தேடி வரவில்லையே என்று வருந்தியிருந்தாய். கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பேச்சில் குறையில்லை, அழைத்த ஆட்கள்தான் தவறு.

குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டி அருமையாக விளக்கினாய். கேட்டவர்கள் அத்தனை பேரும் நிட்டிங், பிரின்டிங், அயர்னிங் என்று ஜாப்ஒர்க், அதாவது பிற நிறுவனங்களின் சரக்கில் கூலிக்கு வேலை, செய்பவர்கள். என் பக்கத்திலிருந்த நிட்டிங் முதலாளி, "நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த லாட்டை யார் தருவார்?" என்று என் காதில் கேட்டுவிட்டு, வேலை தரும் பார்ட்டியின் போன் வரவே எழுந்து போனார். அவருக்கு உரிமை தெரியும். அதை வாய்விட்டுக் கேட்கத்தான் முடியாது.

மார்ச்சில் எனக்கே நேர்ந்ததைக் கேள். நவம்பரில் நான் கொடுத்த பில்லுக்கு ஓர் ஏற்றுமதி நிறுவனம் நான்கு மாதமாக "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 27ஆம் தேதி அதன் கணக்காளர் தாமாகவே அழைத்து என் உத்யம் எண்ணை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்) கேட்டார். 29ஆம் தேதி பணம் வந்துவிட்டது. எல்லாம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு செய்த வேலை. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தீர்க்காவிட்டால், கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாமல் அவர்கள் அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட நேரும்.

ஆகவே உன் சொல் எடுபடும் இடம் அந்தக் கணக்காளரின் மேஜைதான். பெரிய நிறுவனங்களுக்கு ஆடிட்டர் பட்டாளமே உண்டு. முப்பது, நாற்பது ஜாப்ஒர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கணக்காளரை நம்பியிருக்கும் நடுத்தர ஏற்றுமதியாளர்தான் தவிக்கிறார். யார் குறு, யார் சிறு, யார் வெறும் வியாபாரி (வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது), எந்த பில் எந்தத் தேதியில் கெடு தாண்டுகிறது என்று பிரித்துக் கொடுக்க அவரிடம் ஆளில்லை. போதாக்குறைக்கு, இந்த ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியாக உயர்ந்துவிட்டதால், நேற்று வரை பட்டியலுக்கு வெளியே இருந்த சில நூல் மில்களும் சாயப்பட்டறைகளும் உள்ளே வரக்கூடும். இதைச் சரிசெய்து தருபவருக்குக் கட்டணம் கொடுக்க அவர் தயங்கமாட்டார். பலனோ நீ முதலில் நினைத்த ஜாப்ஒர்க்காரருக்கும் போய்ச் சேரும். ஏப்ரலில் கூட்டம் போட்டதும் பிழைதான், அது கணக்கு முடித்த களைப்பில் இருக்கும் மாதம். ஜனவரியில் வந்திருந்தால் கதையே வேறு.

எனக்குப் பணம் அனுப்பிய அந்தக் கணக்காளரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா, அவரும் சப்ளையர் பட்டியலோடு வருவார். ஸ்லைடுகளை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதே. வீட்டில் ஆவக்காய் போட்டிருக்கிறார்கள். உன் பங்கு தனி ஜாடியில் இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்.