வட்டத்தை வட்டமாகவே காட்டுங்கள்: கணினித் திரை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினித் திரைகளையும் புரொஜெக்டர்களையும் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் வகுப்பில் சதுரத்தின் பண்புகளை நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஒரு சதுரத்தை வரைந்து, அதன் மூலைவிட்டம் அடிப்பக்கத்தோடு 45 பாகைக் கோணம் அமைக்கும் என்று சொன்னபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து கோணமானியைத் திரைமீதே வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தேழுதான் சார் வருது" என்றாள். அவள் அளந்ததில் பிழையில்லை.

காரணம் நீங்கள் அறியாததல்ல. கணினி அனுப்பியது 1024×768 பிக்சல் (படப்புள்ளி) அளவுள்ள, அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் அமைந்த படம்; உங்கள் திரையோ 1920×1080, அதாவது 16:9. வந்த படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் உங்கள் திரை குறுக்குவாட்டில் 1.875 மடங்கும் நெடுக்குவாட்டில் ஏறத்தாழ 1.41 மடங்கும் இழுத்து, இருக்கும் இடம் முழுவதையும் நிரப்பிவிட்டது. உயரத்தோடு ஒப்பிட்டால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போயிற்று. நான் வரைந்த சதுரம் செவ்வகமானது. செங்கோணத்தில் வெட்டிக்கொள்ள வேண்டிய மூலைவிட்டங்கள் ஒரு பக்கம் 74 பாகையிலும் மறு பக்கம் 106 பாகையிலும் வெட்டிக்கொண்டன. வடிவியலில் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதுதான் மாணவர்களுக்கு முதல் நம்பிக்கை. அதையே பொய்யாக்கும் திரையை வைத்துக்கொண்டு, "கண்ணை நம்பாதீர்கள், என்னை நம்புங்கள்" என்று எப்படிச் சொல்வது?

கணினியில் சரியான தெளிதிறனை, அதாவது படத்தின் பிக்சல் அளவை, தேர்ந்தெடுத்திருக்கலாமே என்பீர்கள். ஒரே படத்தைப் பழைய 4:3 புரொஜெக்டருக்கும் புதிய அகலத்திரைக்கும் சேர்த்து அனுப்பும்போது, இரண்டுக்கும் பொதுவான அளவைக் கணினி எடுத்துக்கொள்கிறது. படத்தை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப இடையில் இருக்கும் பிரிப்பான் கருவி திரையின் விவரத்தைக் கணினிக்குக் கடத்தாவிட்டாலும், கணினி பாதுகாப்பான ஓர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வரும் படத்தின் வடிவம், தன் சொந்த வடிவம் ஆகிய இரண்டையும் எப்போதும் ஒருசேர அறிந்திருப்பது உங்கள் திரை மட்டுமே. ஆகவே பொறுப்பும் அதனுடையதே.

பிக்சல் என்றாலே சதுரம் என்று நான் வாதிட வரவில்லை. 320×200 படங்கள் 4:3 திரையை நிரப்பிய காலத்தில் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது; 720×576 வீடியோவிலும் பிக்சல் சதுரமில்லை. அவையெல்லாம் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. என் சதுரத்துக்கு நேர்ந்ததில் கணக்கு ஏதும் இல்லை. இடம் இருந்தது, இழுத்துவிட்டார்கள்.

குழாய்த் திரைகளின் காலத்தில் அகலத்தையும் உயரத்தையும் திருகிச் சரிசெய்யக் குமிழ்கள் இருந்தன. தொலைக்காட்சி நிலையங்கள் காட்டிய சோதனைப் படங்களின் நடுவே பெரிய வட்டம் ஒன்றை வைத்ததும், படம் கோணியிருந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இன்று குமிழுக்குப் பதிலாக மெனுவுக்குள் மெனு. எங்கள் திரையில் விகிதம் காக்கும் தெரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் மறுபடி 'முழுத்திரை'க்கே திரும்பிவிடுகிறது. பக்கத்து வகுப்புத் திரையில் அந்தத் தெரிவு மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியாது. நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் முறைக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர் சூட்டியிருக்கும் உங்கள் கற்பனையை மெச்சத்தான் வேண்டும்: ஒரே குழுப்படத்தில் நடுவில் நிற்பவர் ஒல்லி, ஓரத்தில் நிற்பவர் பருமன்! சில தொலைக்காட்சிகள் கணினிப் படத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டியெறிந்துவிட்டு, எஞ்சியதைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கத்தையும் இன்னும் விடவில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே ஒவ்வொரு திரையும் வரும் படத்தின் விகிதத்தைக் காக்கும் அமைப்பில் இருக்கட்டும். மேற்சொன்ன படத்துக்கு அதனால் வரும் நட்டம், இருபுறமும் 240 பிக்சல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, அவ்வளவே. காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று வருந்துபவர்கள் பொத்தானை அழுத்தி இழுத்துக்கொள்ளட்டும். வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் ஏன் பொத்தானைத் தேடி அலைய வேண்டும்? அந்தத் தெரிவு எந்த மாதிரியிலும் விடுபடாமல், எந்த இணைப்பிலும் மங்காமல், மின்சாரம் போய் வந்தாலும் மாறாமல் இருக்கும்படி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

ஏற்கெனவே விற்ற திரைகளுக்கும் மென்பொருள் புதுப்பிப்பாக இதைத் தர இயலுமா என்பதை அருள்கூர்ந்து தெரிவியுங்கள். அடுத்த மாதம் வட்டங்கள் பாடத்தைத் தொடங்க வேண்டும். அதற்குள் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்