ராட் டீடோ பெயரில் ஒரு பெட்டி: உங்கள் பங்கும் வேண்டும்

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், பணம் கேட்கத்தான் எழுதுகிறோம்.

லாஸ் ஏஞ்சலஸில் நம் பேட்டைப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பூங்காவில் பேஸ்பால் ஆடுவது உங்களுக்குத் தெரியும். கேட்சருக்கான (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) கவசம் ஒரே ஒரு செட்தான், அதுவும் வார் அறுந்து கயிறு போட்டுக் கட்டியது. ஹெல்மெட்டை ஒருவன் கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவன் மட்டை பிடிக்கப் போக முடிகிறது. ஆகவே யார் வந்தாலும் எடுத்து ஆடும்படி ஒரு பொது உபகரணப் பெட்டி வைக்கப்போகிறோம், அதற்கு ராட் டீடோவின் பெயர்.

அவர் யார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அவர் ஓய்வுபெற்றது 1986-இல். 1942-இல் பயிற்சியாளர் சாம் பேரி கடற்படைக்குப் போனபோது இதே ஊரின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக பேஸ்பால் அணியைப் பயிற்சியாளராகக் கையில் எடுத்தவர், 45 பருவங்கள் விடவில்லை. 11 தேசியப் பட்டங்கள், அதில் 1970 முதல் 1974 வரை வரிசையாக ஐந்து. பின்னாளில் தொழில்முறை பேஸ்பாலில் பெயர் பெற்ற டாம் சீவர், ஃபிரெட் லின், ராண்டி ஜான்சன், மார்க் மெக்வயர் எல்லோரும் அவரிடம் ஆடியவர்கள். ஆளைப் பார்த்தால் பெயர் சொல்ல மாட்டாராம், எல்லோரும் அவருக்கு "டைகர்"தான். (பெயர் மறந்துபோகிற நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வழி!)

1973 கல்லூரி உலகத் தொடரை (கல்லூரி அணிகளின் தேசியப் பட்டப் போட்டி) மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். அரையிறுதி, எதிரே மினசோட்டா பல்கலைக்கழகம், அவர்களுக்குப் பந்து வீசுகிறவர் டேவ் வின்ஃபீல்ட், கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டீடோவின் அணி 7-0 என்று பின்தங்கியிருக்கிறது, அதுவரை வின்ஃபீல்ட் 15 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை அவுட் ஆக்குவது) எடுத்திருந்தார். வேறு அணியாக இருந்தால் பையைக் கட்டியிருப்பார்கள். டீடோவின் பையன்கள் அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்து, அப்புறம் பட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அவர் பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் கோப்பைகள் அல்ல. சொந்தமாக லாரி நிறுவனம் நடத்திப் பிழைத்த மனிதர், பல்கலைக்கழகத்திடம் அவர் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு ஒரு டாலர். அந்தக் கணக்கைப் படித்தபோது குழுவில் யாருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, நம் கணக்கு. இரண்டு கேட்சர் செட், பன்னிரண்டு ஹெல்மெட், பந்துகள், இடது கைப் பிள்ளைகளுக்கான கையுறைகள் (இவைதான் கிடைப்பது கஷ்டம்), பூட்டோடு ஒரு பெட்டி, எல்லாம் சேர்த்து 1,800 டாலர் வேண்டும். குழுவில் இருக்கிறவர்கள் 500 போட்டுவிட்டோம். மீதிக்கு உங்களிடம் வருகிறோம். ஒரு டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம், டீடோவின் ஆண்டுச் சம்பளமே அவ்வளவுதானே! நூறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

ஞாயிறு காலை மைதானத்தில் பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதாமாதம் மைதானத் தட்டியில் ஒட்டுவோம். வீட்டில் பிள்ளை வளர்ந்து சும்மா கிடக்கும் கையுறை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தால் தைத்துக்கொள்கிறோம். பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டாம், உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.