கொரங்காட்டுப் புல் பற்றி

அன்புள்ள கண்ணு,

இங்கு எல்லோரும் நலம். நம் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லில் புரதம் எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தாய். எந்த மாதத்துப் புல் என்று நீ குறிப்பிடாததால் ஒரே வரியில் பதில் எழுத இயலவில்லை. ஐப்பசி மழைக்குத் தழைத்து, இன்னும் கதிர் தள்ளாத புல்லில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதே தூர் முற்றிக் காய்ந்து பங்குனியில் நிற்கும்போது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். புல் முற்ற முற்றத் தண்டில் நாரும், அந்த நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும் ஏறுகின்றன.

தீனியில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் குறைந்தால், முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து (நைட்ரஜன்) போதாமல், தின்றது கரையாமல் தங்கிவிட, மாடு மேய்ச்சலையே குறைத்துக்கொள்கிறது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஓராண்டு, புல் உயர்ந்து நின்றால் கோடைக்குத் தீனி மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, கார்த்திகை, மார்கழியில் மேய விடாமல் படலை அடைத்து வைத்தேன். கோடையில் வயிறு உப்பியே இருந்த நம் மயிலைப் பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. சாணத்தைக் குச்சியால் கிளறினால், தண்டுத் துண்டுகள் விரற்கடை நீளத்தில் அப்படியே கிடந்தன.

ஆய்வகத்தில் தழைச்சத்தை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறார்கள் அல்லவா? யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த புல்லில் புரதமாகாத தழைச்சத்தும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும் என்பதால், வெறும் எண்ணைக் கண்டு மயங்காதே. நம் கொரங்காட்டில் புல்லுக்கிடையே படரும் பயறுவகைச் செடிகளான நரிப்பயறும் செப்புநெருஞ்சியும்தான் புல்லின் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன; கோடையில் உதிரும் வெள்வேலங்காயும் அப்படியே. அதுவும் போதாத நாட்களில் கடலைப் புண்ணாக்கு வைக்கிறேன்.

நீ கேட்ட மாதிரிகளை நிழலில் உலர்த்தி இரண்டு காகிதப் பைகளில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் அரிவாளால் அடியோடு அறுத்த தூர்; மற்றொன்றில் மாடு கடிக்கும் இலைகளை மட்டும், அதன் பின்னாலேயே நடந்து, கையால் கிள்ளிச் சேர்த்தது. இரண்டையும் கலந்துவிடாதே, நாரைத் தனித்தனியே பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா