கிணறு வெட்டுவது ஆவணியில், காசு வருவது மார்கழியில்

சமூக மானியத் திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம்.

இம்முறை விண்ணப்ப அழைப்போடு வந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை பழையவை. கிராமச் சங்கங்கள் மாவட்ட மட்ட அமைப்பொன்றோடு கூட்டுச் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கட்ட வேலையையும் முழுதாக முடித்து, பற்றுச்சீட்டுகளை ஒப்படைத்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான காசு தரப்படும் என்ற ஏழாம் பந்தியை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தப் பந்தியை நீக்குங்கள், முதல் தவணையை முற்பணமாகத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிப் புத்தகம் எப்படி இருக்கும் என்று உங்கள் கள உத்தியோகத்தர்களுக்குத் தெரியும். மாதச் சந்தா, சிறு சேமிப்பு, சுழற்சிக் கடனாக அங்கத்தவர் கையில் நிற்கும் தொகை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சங்கம் பத்து இலட்சம் ரூபாய்த் திட்டத்தின் முதற்கட்ட வேலையாக நான்கு இலட்சத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டும் என்கிறது உங்கள் நிபந்தனை. சங்கத்துக்கு வங்கி கடன் கொடுக்காது. ஆகவே தலைவியின் காப்பும் பொருளாளரின் தோடும் அடகுக்குப் போகின்றன. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். அறிக்கை கொடுத்து, நீங்கள் சரிபார்த்து, காசு வந்து சேர நான்கு மாதம் ஆனால் வட்டி மட்டும் 32,000 ரூபாய். அந்த வட்டி நீங்கள் ஏற்கும் செலவுப் பட்டியலில் இல்லை. நுண்கடன் வசூலிக்கக் கிழமைதோறும் ஆள் வந்து நிற்கிற அதே படலைக்குள், உதவி என்ற பெயரில் இன்னொரு கடன் போகிறது. இது உங்கள் நோக்கம் அல்ல என்று நம்புகிறோம். ஆனால் நடப்பது இதுதான்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். உங்கள் மானியத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து அதிகம் கேட்கப்படுவது தோட்டக் கிணறுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கிணறு வெட்ட ஒரு காலம் உண்டு. ஆடி ஆவணியில் நிலத்தடி நீர் ஆகக் கீழே போயிருக்கும்போது வெட்டி, தண்ணீர் கண்ட பிறகும் நான்கைந்து அடி ஆழப்படுத்தி, சீமெந்து வளையங்களை இறக்கி, புரட்டாதி முடிவதற்குள் மேற்கட்டு வரை வந்துவிட வேண்டும். அப்படி வெட்டிய கிணறு அடுத்த கோடையிலும் ஊறும். மார்கழியில் வெட்டினால் சில அடியிலேயே தண்ணீர் நிற்கும். இறைக்க இறைக்க ஊறும், மணல் சரியும், வளையம் கோணலாக இறங்கும், மேசன் "இதுக்கு மேல முடியாது" என்று ஏறிவிடுவார். படத்தில் தண்ணீர் நிறைந்த அழகான கிணறு தெரியும். ஆடி மாதம் போய்ப் பார்த்தால் அடியில் சேறுதான் இருக்கும்.

வளையம் வார்ப்பவர் கடனுக்குத் தரமாட்டார், மேசனுக்கும் கூலியாட்களுக்கும் அன்றன்றே சம்பளம் கொடுக்க வேண்டும். கையில் காசில்லாத சங்கம் அதைத் திரட்டி முடிக்க ஐப்பசி வந்துவிடுகிறது. ஐப்பசியில் மழை தொடங்கி, ஆட்களெல்லாம் பெரும்போக விதைப்புக்கு வயலில் இறங்கியிருப்பார்கள். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் சீமெந்து ஏற்றிய லொறி அந்தப் பக்கம் போகாது. பிறகு "வேலைத்திட்டம் தாமதம்" என்று சங்கத்தின் பெயரில் குறிப்பு எழுதப்படுகிறது. தாமதம் தொடங்கிய இடம் ஏழாம் பந்தி. முற்பணம் ஆடி பிறக்கும்போது கையில் இருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியே வராது.

கொடுத்த காசு காணாமற் போகும் என்பது உங்கள் பயம். அது நியாயமான பயம்தான். அதற்கு வழி, காசைப் பிடித்து வைப்பதல்ல, கூட்டு உடன்பாட்டை ஒழுங்காக எழுதுவது. விண்ணப்பம் போகுமுன்பே முன்னணி அமைப்பும் (கூட்டுச் சேரும் மாவட்ட மட்ட அமைப்பு) கிராமச் சங்கமும் தமிழில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யட்டும். பாதீட்டில் யாருக்கு எத்தனை ரூபாய், பொருளை யார் வாங்குவது, வாங்கிய இறைப்பி யாருக்குச் சொந்தம், மூலப் பற்றுச்சீட்டு யாரிடம், பிரதி யாரிடம் என்று அதில் இருக்க வேண்டும். மானியத்துக்கென்று சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு திறந்து, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அந்தக் கூட்டறிக்கையின் பிரதியை வங்கிக்குக் கொடுக்கலாம். முன்னணி அமைப்புக்குக் காசு வந்த பத்து நாளுக்குள் சங்கத்தின் பங்கு அதன் கணக்குக்குப் போக வேண்டும். முதல் தவணையில் எண்பது வீதத்துக்குக் கணக்குக் காட்டினால் இரண்டாவது. வரவு செலவைப் பல்தேவைக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஊரே கணக்குப் பார்க்கும். அதைவிடக் கடுமையான கணக்காய்வு எங்கும் இல்லை.

இந்த உடன்படிக்கை இல்லாத இடங்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயர் விண்ணப்பத்தில் இருக்கும், பாதீட்டில் இராது. பயனாளிகள் பட்டியல் எடுப்பதும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும், படம் பிடிக்க வரிசையாக நிற்பதும் சங்கத்தின் வேலை. வீடு வீடாகச் சைக்கிளில் போய்வரும் பிள்ளைக்குப் பயணச் செலவுகூட இல்லை. அதைக் கூட்டு என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

வங்கியில் இன்னொரு பொறி உண்டு. பதிவுச் சான்றிதழில் சங்கத்தின் பெயர் தமிழில் முழுதாக இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதை ஆங்கிலத்தில் யாரோ சுருக்கி எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் உங்கள் பரிமாற்றம் திரும்பிவிடும், அடுத்த முயற்சிக்கு வாரக்கணக்கில் போகும். ஒப்பமிடுவதற்கு முன்பே வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எழுத்துப்படியே உங்கள் ஆவணத்திலும் போடுங்கள். சங்கங்களும் இந்தப் பிழையை இப்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்று விலைமனு கேட்கிறீர்கள். வாகரைப் பக்கக் கிராமமொன்றில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தாலே பெரிது. மற்ற இரண்டு மனுவுக்கு வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ போக ஒரு நாளும் பஸ் காசும் போகிறது. 25,000 ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட கொள்வனவுக்கு ஒரு மனு போதும் என்று வையுங்கள். நாற்று விற்பவரும் உழவு இயந்திரக்காரரும் அச்சடித்த பற்றுச்சீட்டு வைத்திருப்பதில்லை. அவர்களின் அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், ஒரு சாட்சி ஆகியவற்றோடு சங்கம் எழுதும் வவுச்சரை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் பட்டயக் கணக்காளர் அறிக்கையை முன்னணி அமைப்பிடம் கேட்பது சரி. கிராமச் சங்கத்துக்கு, கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் பார்த்து ஒப்பமிட்ட வரவு செலவு அறிக்கை போதுமானது.

விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருக்கிறது. அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆவது திருத்தப்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். பிரதேச செயலகம் எங்களுக்குத் தரும் சான்றிதழும் நாங்கள் எழுதும் கூட்டறிக்கையும் தமிழில்தான் இருக்கும். அவற்றையெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுத்து ஆங்கிலமாக்கி அனுப்பச் சொல்கிறீர்கள். முடிவுத் திகதிக்கு இருந்தது பன்னிரண்டே நாள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரத்துக்கு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன, பலகை நட்டன, திட்டக் காலம் முடியப் போய்விட்டன. பலகைகள் துருப்பிடித்துப் போயின. அதே ஊரில், அதே சந்தாப் புத்தகத்தோடு சங்கங்கள் மட்டும் இன்றும் கூடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கையில் நான்கு இலட்சத்தை நம்பிக் கொடுக்க முடியாது என்று எந்த அனுபவத்தை வைத்து முடிவு செய்தீர்கள்?

சொல் கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தரும் மானியம் இந்த ஊர்களுக்கு வேண்டும். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

தயவுசெய்து ஏழாம் பந்தியை நீக்கி, நாற்பது வீதத்தை முற்பணமாக அறிவியுங்கள். முடிவுத் திகதியை ஒரு மாதம் தள்ளி, படிவத்தைத் தமிழிலும் தாருங்கள். உடன்படிக்கைகள் ஆனி மாதத்துக்குள் ஒப்பமாகி, ஆடி முதற் கிழமையில் முற்பணம் சங்கங்களின் கணக்கில் விழ வேண்டும். இதைப் பேச உங்களில் யாராவது வருவதானால், மட்டக்களப்பு நகரத்து மண்டபத்தோடு நின்றுவிடாமல் வெல்லாவெளிக்கோ திருக்கோவிலுக்கோ வாருங்கள். போன மார்கழியில் வெட்டிய கிணறுகளை அங்கே காட்டுகிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிராம மட்டச் சங்கங்களுக்காக