ஆசிரியரும் குனிகிறாரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கராத்தே, ஜூடோ வகுப்புகளில் பிள்ளைகளைக் குனிந்து வணங்கச் சொல்வது அடிமைப் புத்தியை வளர்க்கும் என்று வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் கொதித்திருந்தார். அவர் சொல்வதில் பாதி சரி. பதினோரு வருடம் ஜூடோ பாயில் விழுந்து எழுந்தவன் என்ற முறையில் மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

அந்த வணக்கத்துக்கு ஜப்பானியத்தில் 'ரெய்' என்று பெயர். வகுப்பு தொடங்கும்போது மாணவர்கள் வரிசையாக மண்டியிட்டுக் குனிகிறார்கள், அது வெளியே நிற்பவர்கள் கண்ணுக்குப் படுகிறது. எதிரே அதேபோல் மண்டியிட்டிருக்கும் ஆசிரியரும் அதே நேரத்தில் குனிகிறார் என்பது ஏனோ படுவதில்லை. அப்புறம் ஜோடி பிரிந்ததும், இருபது வருடக் கருப்பு பெல்ட்காரர் நேற்றுச் சேர்ந்த வெள்ளை பெல்ட் பையனுக்குக் குனிகிறார். இதில் யார் யாருக்கு அடிமை?

ஒருவரைத் தூக்கி எறிந்து பழக வேண்டுமென்றால் இன்னொருவர் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். கழுத்தை நெரிக்கிறோம், முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைக்கிறோம், 'போதும், விடு' என்று தான் கையால் தட்டியதும் விட்டுவிடுவான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர் கையை நீட்டுகிறார். பயிற்சிக்கு முன் குனியும்போது ஜப்பானியர்கள் சொல்லும் 'ஒனெகாய்ஷிமாசு' என்பது ஏறக்குறைய 'தயவு செய்து' என்று கேட்டுக்கொள்வதுதான். நானும் பல வருடம் அதை வருகைப் பதிவுக்குக் கை தூக்குவதுபோலத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் அரைகுறையாகத் தலையை ஆட்டிவிட்டு, எதிரில் நின்றவர் தயாரா என்றுகூடப் பார்க்காமல் எறிந்தேன். அவர் தோள் பட விழுந்து மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. அதற்குப் பிறகு குனிவதற்கு முன் முகத்தைப் பார்க்கிறேன்.

1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ அடிப்படையில் ஒரு கல்வியாளர். தானும் அடுத்தவரும் சேர்ந்தே வளர்வது என்பதை ஜூடோவின் கொள்கையாகவே வைத்தார். போட்டியிலும் இந்த வணக்கம் அலங்காரத்துக்கு இருப்பதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தோற்ற எகிப்து வீரர் இஸ்ரேல் வீரரோடு கை குலுக்க மறுத்து நடையைக் கட்டினார். கை குலுக்கச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் குனியாமல் போக விதியில் இடமில்லை, அதனால் நடுவர் அவரைத் திரும்ப அழைத்தார். அவர் லேசாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார், அரங்கம் கூச்சல் போட்டது. மூங்கில் வாளால் மோதும் கெண்டோவில் இன்னும் கறார்: புள்ளி எடுத்த குஷியில் எதிராளி முன்னால் கையை உயர்த்திக் குதித்தால் எடுத்த புள்ளியையே ரத்து செய்யலாம்.

சுவரில் இருக்கும் கானோ படத்துக்குக் குனிவது பற்றியும் வாசகர் கேட்டிருந்தார். இதை எதிர்த்து அமெரிக்காவில் வழக்கே நடந்தது, இது மதச் சடங்கு இல்லை என்று 2002-ல் தீர்ப்பு வந்தது. என்னைக் கேட்டால், படத்துக்குக் குனிய மனசு வராத பிள்ளை அந்த நேரம் சும்மா நிற்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கூடப் பழகும் ஆளுக்குக் குனிய மாட்டேன் என்றால் மட்டும் அவனோடு பாயில் இறங்க எனக்குப் பயம்.

சரி, வாசகர் சொன்னதில் எது சரி என்கிறேன் என்றால், இந்த வணக்கத்தைத் தன் கெத்துக்குப் பயன்படுத்தும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். "இன்னும் குனி" என்று பையனை அதட்டிவிட்டு, அவன் குனியும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைக் கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். முடியும்போது மாஸ்டர் பதிலுக்குக் குனியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜூடோ மாணவன்